பிரேம் நம்பர் பொய் சொல்லாது

ஜப்பான் நகோயாவில், கப்பலில் போட்டுக் கூலி மிச்சம் பிடிக்காமல் விமானத்தில் ஏற்றியும், மும்பை சஹார் ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரன் கையில் கிடந்து, பத்தொன்பது நாள் கழித்துத்தான் அந்த அட்டைப்பெட்டி தாராவிக்கு வந்து சேர்ந்தது. சுயம்பு ஹாக்சா பிளேடால் அதைக் கிழித்தான். உள்ளே பாலித்தீன், அதற்குள் எண்ணெய்த் தாள், அதற்குள் புது பம்ப். டாங்கில் கிடக்கிற பம்ப் அல்ல. எஞ்சின் தலைமேல் உட்கார்ந்து, பெட்ரோலை நெருக்கி உள்ளே பீய்ச்சுகிற பம்ப். உள்ளங்கையில் வைத்துப் புரட்டினான். புரட்டிய கை அப்படியே நின்றது.

போல்ட் போட இரண்டு துளை.

வண்டியில் இருந்து கழற்றி, கந்தல் துணிமேல் வைத்திருந்த பழைய பம்புக்கு மூன்று துளை.

"பாய், இங்க வாரும். இது ரெண்டா மூணா?" என்றான்.

வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முகம்மது ஹனீப் வந்து பார்த்தான். சுயம்புவின் ஒர்க் ஷாப்பில் இருபது வருஷமாகத் தகரம் ஒட்டுகிறவன்.

"எண்ணத் தெரியாமலா ஒர்க் ஷாப் நடத்துதீரு? ரெண்டுதான். தப்பா வந்திருக்கு. மச்சானுக்குப் போனப் போடும்."

"அவனுக்கு நான் ஏன் போடணும்?"

"அப்ப தங்கச்சிக்குப் போடும்."

அதுதான் வழக்கம். எட்டு வருஷமாக அப்படித்தான். சுயம்புவின் தங்கை மாரிசெல்வி. அவள் புருஷன் சுடலைக்கண்ணன் சீத்தா கேம்பில் ஜப்பான் வண்டிகளுக்கு வெளிநாட்டிலிருந்து சாமான் வரவழைத்துக் கொடுக்கிறவன். மும்பைக்குள் அவனை விட்டால் அந்த வேலைக்கு ஆள் கிடையாது. தமிழ்ப் பேப்பரை எழுத்துக் கூட்டி வாசிக்கிற பயல், ஜப்பான்காரனின் குச்சி எழுத்தைக் கடகடவென்று வாசிப்பான். படம் படமாகப் பிரித்துப் போட்ட புத்தகத்தில் ஒரு ஸ்குருவுக்குக்கூட நம்பர் சொல்வான். சுயம்புவும் அவனும் பேசுவதில்லை. ஆனால் சுயம்புவுக்கு அவன் சாமான் வேண்டும். அவனுக்கு சுயம்புவின் வேலை வேண்டும். நடுவில் மாரிசெல்வி போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"என்னண்ணே, பெட்டி வந்திருச்சா?"

"வந்திருச்சு. ரெண்டு போல்ட் பம்ப அனுப்பியிருக்கான் கூறுகெட்ட பய. என் வண்டிக்கு மூணு போல்ட். கேளு."

கேட்க வேண்டியதில்லை. சுடலைக்கண்ணன் பக்கத்தில்தான் இருந்தான். குரல் நேராக வந்தது, ஆனால் பெண்டாட்டிக்குச் சொல்கிற மாதிரி.

"ஏட்டி, ஒங்கண்ணன் எந்த நம்பரக் குடுத்தான்னு கேளு."

"பிரேம் நம்பருதான் குடுத்தேன்னு சொல்லு. வண்டிச் சட்டத்துல குத்தியிருக்க நம்பரு. நானே டார்ச் அடிச்சுப் பாத்து எழுதினது."

"அப்ப சரியாத்தான் வந்திருக்குன்னு சொல்லு. பிரேம் நம்பர் பொய் சொல்லாது."

அந்த வாக்கியம் சுயம்புவின் தலைக்கு மேலேயே சுவரில் இருந்தது. சிவப்புப் பெயிண்டில், கோணல் எழுத்தில். கூட்டாகத் தொழில் பண்ணின காலத்தில் சுடலைக்கண்ணன் எழுதியது. வருஷமும் மாடலும் சொல்லிச் சாமான் கேட்டு வருகிறவர்களை விரட்டுவதற்காக. ஒரே வருஷத்து வண்டிக்கு ஜனவரியில் ஒரு பம்ப், ஜூலையில் வேறு பம்ப் போடுவான் ஜப்பான்காரன். சட்டத்தில் குத்திய நம்பர்தான் வண்டியின் ஜாதகம். சுயம்பு கடைக்கு மூன்று தடவை வெள்ளை அடித்துவிட்டான். அந்த இடத்தை மட்டும் ஏனோ விட்டு அடித்தான்.

போனில் மிக்ஸி ஓடுகிற சத்தம் மட்டும். பிறகு சுடலைக்கண்ணன் பேசினான். குரல் தாழ்ந்திருந்தது.

"எஞ்சின் நம்பர் என்னன்னு கேளு."

சுயம்பு கந்தல் துணியை இழுத்துப் பழைய பம்பை மூடினான்.

"எஞ்சின் நம்பரு என்ன மயித்துக்குன்னு கேளு."

"ரெண்டு போல்ட் வண்டியில மூணு போல்ட் எஞ்சின் எப்படி வந்து உக்காந்துச்சுன்னு தெரியணும்லா. அதுக்கு. மூணு போல்ட்லயே ரெண்டு தினுசு இருக்கு. உள்ள உருளை சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு. மாத்திப் போட்டா ஒரு வாரத்துல எஞ்சின் தலைய தின்னுரும். முழு நம்பரு வேணும். ஏழு எழுத்தும்."

சுயம்பு போனை அணைத்துவிட்டான்.

அந்த எஞ்சின் அந்த வண்டியில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் சுயம்பு.

வண்டி மாட்டுங்கா ஷ்யாமளாவுடையது. அவள் புருஷன் அனந்த் ஓசாகாவில் வேலை பார்த்தபோது முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போயிற்று. ஊர் திரும்பும்போது, பட்டனை அமுக்கினால் சீட்டே வெளியே திரும்பி இறங்கி வருகிற வேன் ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அந்தச் சீட்டுக்காகத்தான் பதினைந்து வருஷமாக அந்த வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆகஸ்ட் மழையில், கிங்ஸ் சர்க்கிள் பாலத்துக்கு அடியில் அது தண்ணீரில் முங்கியது. கயிறு கட்டி இழுத்துவந்து சுயம்பு ஒர்க் ஷாப்பில் போட்டார்கள்.

தண்ணீர் குடித்த எஞ்சினைச் சாவி போட்டுச் சுற்றக் கூடாது. பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் அசைக்க வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் படிக்கிற பாடம். அன்றைக்குக் கடையில் பதினொரு வண்டி தண்ணீரோடு நின்றது. மூன்று நாள் தூக்கம் இல்லை. எந்த வண்டிக்குப் பிளக் கழற்றினோம், எதற்குக் கழற்றவில்லை என்று தெரியாமல் சுயம்பு சாவியைப் போட்டான். டக் என்று ஒரே சத்தம். உள்ளே பிஸ்டன் கம்பி வளைந்து, எஞ்சின் விலா கிழிந்துபோனது.

பக்கத்தில் யாரும் இல்லை; மழையில் ஹனீப்கூட அந்த வாரம் வரவில்லை. சொல்லியிருக்கலாம். 'அம்மா, என் தப்பு' என்று ஒரு வார்த்தை. ஊரெல்லாம் 'ஜப்பான் வண்டின்னா சுயம்பு' என்று பேர் வாங்கியவனுக்கு அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டி வரவில்லை.

அந்தச் சமயம் கூட்டுக் கடையின் சாமான் போட்டுவைக்கிற கிட்டங்கியில், ஷார்ஜாவிலிருந்து முறையாக ரசீதோடு வந்த ஓர் எஞ்சின் இருந்தது. அதே வகை, ஒரு வருஷம் முந்தியது. சுடலைக்கண்ணன் ஒரு வருஷம் அலைந்து தேடிப் பிடித்தது. அவன் அப்போது கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தான். சுயம்பு மாற்றுச் சாவி போட்டுத் திறந்து, அதைத் தூக்கி அந்த வண்டியில் வைத்தான். ஷ்யாமளாவிடம், பழைய எஞ்சினையே பிரித்துக் கழுவி மாட்டிவிட்டதாகச் சொன்னான். கிழிந்ததைக் குர்லா காயலான் கடையில் போட்டான்.

கொடை முடிந்து திரும்பிய சுடலைக்கண்ணன் கிட்டங்கியைத் திறந்து பார்த்துவிட்டு, "மச்சான், எஞ்சின் எங்க?" என்றான். அந்த நிமிஷத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். சுயம்பு சொன்னது வேறு.

"சாவி ஒங்கிட்டல்லாலே இருந்துச்சு? ஊருக்குப் போகும்போதே வித்துட்டுப் போயிட்டு எங்கிட்ட கேக்கியா?"

சந்தே கூடியது. பேச்சு முற்றிக் கடைசியில் சந்து முனை முத்தாரம்மன் கோயிலில் சூடம் ஏற்றினார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். சுடலைக்கண்ணன் அணைத்தான். "நான் எடுக்கல." சுயம்புவும் அணைத்தான். "நானும் எடுக்கல." இரண்டு பேரும் சத்தியம் பண்ணினால் ஜனம் யாரை நம்பும்? கடைக்குச் சொந்தக்காரனைத்தான் நம்பும். அங்கேயே சுடலைக்கண்ணன் இன்னொரு சூடத்தை எடுத்து ஏற்றி அணைத்தான். "இனி இவன் கடைப்படி மிதிக்க மாட்டேன். இவன் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேச மாட்டேன்." பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சீத்தா கேம்ப் போனவன் போனவன்தான். இன்றைக்கும் தாராவியில் அவன் பேச்சு வந்தால், 'எஞ்சின் களவாண்டவனா?' என்றுதான் கேட்பார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஷ்யாமளாவே வந்து நின்றாள். பேங்கில் பெரிய வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவள். கைப்பையைத் தோளில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கிரீஸ் படாத இடமாகப் பார்த்துக் கால் வைத்தாள்.

"என்ன சுயம்பு, இன்னும் பானட்டத் தொறந்து வேடிக்கை பாத்துண்டிருக்கியா? இருபத்தஞ்சு நாளாச்சு."

"சாமான் தப்பா வந்திருச்சும்மா. ரெண்டு நாள்..."

"உன் ரெண்டு நாள் எத்தனை நாள்னு நேக்குத் தெரியும். மனுஷர் மூணாம் மாடியிலேர்ந்து எறங்கி இருபத்தஞ்சு நாளாச்சு. டாக்ஸியில ரெண்டு பேர் தூக்கி வைக்கறா, ஒரு தடவை கீழ போட்டாச்சு. தெரியுமா நோக்கு?"

சுயம்பு பானட் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னொண்ணு. பதினஞ்சு வருஷம் முடியறது. வர்ற திங்கட்கிழமை ஆர்.டி.ஓ.ல பாஸிங், மறுபடி ரெஜிஸ்டர் பண்ற சோதனை. வண்டி ஓடி அங்க போய் நிக்கணும். எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் எல்லாம் பென்சில் தேச்சு எடுப்பாளாம். ஏஜென்ட் சொன்னான். வியாழக்கிழமைக்குள்ள உன்னால முடியலேன்னா, டோயிங் வண்டி கொண்டுவந்து காட்கோபருக்கு இழுத்துண்டு போயிடறேன். அங்க ஒருத்தன் இருக்கானாம்."

"அங்க போனாலும் இந்தப் பம்ப்தாம்மா வேணும்."

"அதை அவன் பாத்துப்பான். நீ எட்டு வருஷம் முன்னாடி பிரிச்சு மாட்டின எஞ்சின்தானே? என்ன போடணும்னு நோக்கே தெரியலையே, அது எப்படி?"

கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கிழிந்து கிடந்த அட்டைப்பெட்டியைக் குனிந்து பார்த்தாள். அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் சீத்தா கேம்ப் முகவரியும் போன் நம்பரும் இருந்தன. மொபைலில் அதைப் படம் பிடித்துக்கொண்டாள்.

"அது எதுக்கும்மா?"

"என் பார்ட் எங்கேர்ந்து வர்றதுன்னு நான் தெரிஞ்சுக்கப்படாதா?"

அவள் போன பிறகு ஹனீப் சொன்னான்: "ஓய், அந்தம்மா போலீஸ் மாதிரி படம் புடிக்குது. எஞ்சின் நம்பரக் குடுத்துத் தொலச்சா என்ன? நம்பருதானே, கிட்னியா?"

"ஒம்ம சோலியப் பாரும்."

புதன்கிழமை காலை சுயம்பு குர்லா போனான். பழைய சாமான் சந்தில், ஜப்பான் வண்டி உதிரிகள் விற்கிற ஃபர்ஸானாவின் கடை. வாப்பா காலமான பிறகு அவளே கல்லாவில் உட்கார்ந்தவள். பழைய மூன்று போல்ட் பம்பை அவள் முன்னால் வைத்தான்.

"இதே மாதிரி ஒண்ணு வேணும். எங்க இருந்தாலும் வரவழைச்சுக் குடு."

அவள் தூக்கிப் பார்த்தாள். மேலே ஒட்டியிருந்த நம்பர் சீட்டு எப்போதோ எண்ணெயில் கரைந்துபோயிருந்தது.

"நம்பர் தோ," என்று கையை நீட்டினாள்.

"நம்பரு இல்ல. எஞ்சின் மாடல் சொல்லுதேன்."

"அரே, மாடல வச்சு நான் என்ன பொங்கல் வைக்கவா? இதுல சின்ன உருளை, பெரிய உருளைன்னு இருக்கே. எஞ்சின் நம்பர் இல்லாம யாரும் தர மாட்டான். நானும் இதெல்லாம் சீத்தா கேம்ப் கண்ணன் பாய்கிட்டதான் கேப்பேன். நீங்க அவரோட மச்சினர்தானே? நேரா கேக்க வேண்டியதுதானே?"

"பேச்சுவார்த்த இல்ல."

ஃபர்ஸானா சிரித்தாள். "அவரும் இங்க வருவாரு. எட்டு வருஷமா மாசம் ஒரு தடவை வருவாரு. இந்தச் சந்துல எந்தப் பழைய எஞ்சின் வந்து எறங்கினாலும் குனிஞ்சு நம்பரப் பாப்பாரு. ஒரு நம்பரத் தேடுறாராம். பிவண்டி, சாகி நாகா எல்லாம் போறாராம். பைத்தியம்தான், பாகல் ஹை வோ. அந்த நம்பர் கெடச்சா அப்படி என்ன ஒங்களுக்குன்னு கேட்டேன். என் பேரு கெடைக்கும்னாரு."

சுயம்பு பம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தான். அடுத்த கடைக்குப் போகவில்லை.

மத்தியானம் ஹனீப் தொழுகைக்குப் போயிருந்தான். சுயம்பு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தான். எஞ்சினும் கியர்பெட்டியும் சேருகிற இடத்தில், எண்ணெய்ப் பிசுக்குக்கு உள்ளே, ஏழு எழுத்து. விரலால் தடவினான். கையெட்டும் தூரத்தில் கிரைண்டர் கிடந்தது. ஸ்விட்சைப் போட்டான். சக்கரம் சுற்றிற்று. இரும்புக்கு இரண்டு விரல் தூரத்தில் பிடித்துக்கொண்டே இருந்தான்.

அரைத்தால் நம்பர் போகும். ஆனால் அரைத்த தடம் போகாது. திங்கட்கிழமை ஆர்.டி.ஓ.வில் பென்சில் தேய்க்கிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பான். வேறு எஞ்சின் என்றால் கேள்வி, அரைத்த எஞ்சின் என்றால் கேஸ். அதுவும் போகட்டும். நம்பர் போய்விட்டால் இந்த எஞ்சினுக்கு உலகத்தில் எவனும் பம்ப் தரமாட்டான். வண்டி இதே இடத்தில் துருப்பிடித்துச் சாகும். சுயம்பு கிரைண்டரை அணைத்தான். தன்னைத் தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு வெளியே தவழ்ந்து வந்தான்.

பிறகு ஒரு யோசனை வந்தது. முதல் நாலு எழுத்தை அப்படியே வைத்துக் கடைசி மூன்றை மட்டும் மாற்றி, வாட்ஸப்பில் மாரிசெல்விக்கு அனுப்பினான். மூன்று எழுத்தில் உருளை ஒன்றும் மாறிவிடாது என்று ஒரு கணக்கு. கீழே ஒரு வரி: 'இதான் நம்பர். உடனே போடச் சொல்லு.'

ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. மாரிசெல்வி. ஸ்பீக்கர் இல்லை.

"எண்ணே, இந்த நம்பரு நெசமா?"

"பின்ன பொய்யா?"

"இவிய சொல்லுதாவ... நம்பரு நெசம்னா முத்தாரம்மன் கோயில்ல போயி இந்த நம்பரச் சொல்லி சூடம் அணைக்கணுமாம். அத நான் போன்ல வீடியோ எடுக்கணுமாம். எடுத்து அனுப்பினா பம்ப இன்னிக்கே ஏத்தச் சொல்லுவாவளாம்."

"அவன் என்ன பெரிய மயிரா? சாமான் விக்கவனுக்கு சாமான் வித்தாப் போதும்னு சொல்லு!"

"சொல்லுதேன்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் காது இருக்குண்ணே. ரெண்டு பேருக்கும் நடுவுல எட்டு வருஷமா நான் என்ன தபால் பொட்டியா? நீ அணைச்சிருவல்லா? சொல்லு. நான் வாரேன்."

 அவளாகவே போனை வைத்தாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஷ்யாமளா டோயிங் வண்டியோடு வந்தாள். லாரி சந்துக்குள் நுழையாது. தொண்ணூறு அடி ரோட்டிலேயே நின்றது. பெட்டிமேல் படம் பிடித்த நம்பருக்குப் போன் போட்டிருப்பாள் போல; அவளுக்குப் பின்னால் மாரிசெல்வி வந்தாள். மாரிசெல்விக்குப் பின்னால், கையில் ஒரு ரெக்ஸின் பையோடு சுடலைக்கண்ணன்.

எட்டு வருஷத்தில் ஆள் நரைத்திருந்தான். ஒர்க் ஷாப்புக்கு முன்னால் ஓடுகிற சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான். சாக்கடைமேல் போட்ட சிமெண்ட் பலகையில் கால் வைக்கவில்லை. எதிரே இட்லிக் கடைக்காரியின் கரண்டி நின்றது. பக்கத்துத் தோல்பைக் கடையில் தையல் மெஷின் நின்றது.

"ஏட்டி, வண்டிய வெளிய தள்ளச் சொல்லு," என்றான் சுடலைக்கண்ணன், மனைவியிடம்.

"எவனும் என் கடையில கைய வைக்கப்பிடாதுன்னு சொல்லு!" என்று சுயம்பு கத்தினான்.

ஷ்யாமளா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன இது, கூத்தா நடக்கறது? பத்தடி தூரத்துல நின்னுண்டு இவ மூலமா பேசிக்கறேள்? சுயம்பு, வண்டி யாரோடது?"

"ஒங்களோடதும்மா, ஆனா..."

"அப்போ தள்ளு."

ஹனீப்தான் முதலில் போய்க் கை வைத்தான். சுயம்பு அவனை முறைத்தான். "என்ன மொறைக்கீரு? அவங்க வண்டி," என்றான் ஹனீப். தோல்பைக் கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வேன் சிமெண்ட் பலகைமேல் தடதடவென்று ஏறி இறங்கிச் சந்தில் போய் நின்றது.

சுடலைக்கண்ணன் பானட்டைத் தூக்கவில்லை. ரெக்ஸின் பையிலிருந்து பழுப்பேறிய ஒரு காகிதத்தை எடுத்து ஷ்யாமளாவிடம் கொடுத்தான்.

"அம்மா, இது ஷார்ஜாவுல இருந்து நான் வரவழைச்ச எஞ்சினுக்கு ரசீது. கஸ்டம்ஸ் முத்திரை இருக்கு பாருங்க. எம் பேருல வந்தது. இதுல ஒரு நம்பரு இருக்கு. நான் பாக்காமச் சொல்லுதேன். நீங்க காகிதத்துல பாருங்க. பொறவு எஞ்சின்ல பாருங்க."

சொன்னான். வானத்தைப் பார்த்துக்கொண்டு, பிள்ளை வாய்ப்பாடு சொல்கிற மாதிரி.

"நாலு. எட்டு. ஒண்ணு. ஏழு. சைபர். மூணு. அஞ்சு."

பிறகு சந்துத் தரையில் மல்லாந்து படுத்து, சட்டை முதுகில் சாக்கடைச் சகதி ஒட்ட, வண்டிக்கு அடியில் போனான். துணியால் துடைக்கிற சத்தம் கேட்டது. மொபைலை உள்ளே நீட்டிப் படம் எடுத்து, வெளியே வந்து, அதைப் பார்க்காமலே ஷ்யாமளாவிடம் நீட்டினான்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஒரு கையில் காகிதம், ஒரு கையில் மொபைல். பேங்கில் கையெழுத்துச் சரிபார்க்கிறவள் மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். கடைசியில் இருந்த அஞ்சு வந்ததும் வாசிப்பு நின்றது. சந்தில் ஒருத்தர் இருமினார்.

"என்னோட எஞ்சின் எங்க, சுயம்பு?"

"மழத்தண்ணியில... வெடிச்சிருச்சும்மா."

"அதுவா வெடிச்சுதா?"

சுயம்பு ஹனீப்பைப் பார்த்தான். ஹனீப் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"எட்டு வருஷம் இன்னொருத்தரோட திருட்டுச் சாமான்ல என் ஆத்துக்காரரை ஒக்கார வச்சிண்டு போயிருக்கேன் நான்," என்றாள் ஷ்யாமளா. சத்தம் போடவில்லை. "பாஸிங்ல மாட்டியிருந்தா நான்தானே திருடி?"

"இந்த ரசீத வச்சு எஞ்சின் மாத்தினதா ஆர்.டி.ஓ.ல எழுதிக் குடுத்திரலாம்மா," என்றான் சுடலைக்கண்ணன். "நான் வந்து கையெழுத்துப் போடுதேன். திங்கக்கெழம பாஸிங்க பத்து நாள் தள்ளிப் போடச் சொல்லுங்க. பம்ப போன திங்கக்கெழமையே நான் ஏத்தச் சொல்லிட்டேன். சின்ன உருளை. அடுத்த வாரம் வந்திரும்."

திங்கட்கிழமை. பெட்டி வந்த அன்றைக்கே. போனில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்த அந்த நிமிஷத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது; தெரிந்துகொண்டே நம்பரைக் கேட்டிருக்கிறான்; பொய் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டே சூடம் அணைக்கச் சொல்லியிருக்கிறான். சுயம்புவுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

வேனை ரோட்டுப் பக்கம் தள்ளத் தொடங்கினார்கள். அது காட்கோபருக்குப் போகவில்லை. சீத்தா கேம்புக்குப் போகிறது என்று ஷ்யாமளா லாரிக்காரனுக்குப் போனில் சொல்லிக்கொண்டே நடந்தாள். சுடலைக்கண்ணன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் போனான். இட்லிக் கடைக்காரி, எட்டு வருஷமாக அவனை எஞ்சின் களவாணி என்றவள், அவன் முதுகுச் சகதியைப் பார்த்து, "எய்யா, தண்ணி தாரேன், கழுவிட்டுப் போங்க," என்றாள். அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சுயம்பு சிமெண்ட் பலகை வரை வந்துவிட்டான். வாய் தானாகத் திறந்தது.

"மாப்ளே!"

எட்டு வருஷத்தில் முதல் தடவை. சந்து முழுக்கக் கேட்டது.

சுடலைக்கண்ணன் நின்றான். திரும்பவில்லை. பக்கத்தில் வந்த மனைவியிடம் சொன்னான்:

"ஏட்டி, யாரோ கூப்புடுத மாதிரி இருக்கு. என்ன வேணும்னு கேளு."

மாரிசெல்வி இருபதடி திரும்பி நடந்து வந்தாள். அண்ணன் முகத்துக்கு நேரே நின்றாள்.

"என்னண்ணே? என்ன சொல்லணும்?"

சுயம்பு குரலை இறக்கி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "எஞ்சின எடுத்தது நான்தான்னு சொல்லு."

மாரிசெல்வி திரும்பினாள். புருஷன் இருபதடிக்கு அப்பால் நின்றான். எட்டு வருஷமாக ஸ்பீக்கர் போனுக்குப் பழகிய தொண்டை அவளுக்கு. இட்லிக் கடை, தோல்பைக் கடை, மாடி ஜன்னல், கோயில் வாசல் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூப்பிட்டாள்:

"எஞ்சின எடுத்தது எங்கண்ணன்தானாம்!"

சுடலைக்கண்ணன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தான்.

"சத்தம் சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லச் சொல்லு."

"சரியாக் கேக்கலையாம்ணே," என்றாள் மாரிசெல்வி. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

சுயம்பு சந்தைப் பார்த்தான். ஒருத்தரும் வேலைக்குத் திரும்பவில்லை. கையில் இன்னும் அந்த இரண்டு துளைப் பம்ப் இருந்தது. எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. நெஞ்சு முட்ட மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் சொன்னான்.

இந்தத் தடவை மாரிசெல்வி திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.